‘செயற்கை ரோமம்’ என்னும் பொய்ச் சாட்சியம்



இறைச்சிக் கடை வாசலில் நம் மக்கள் காட்டும் விழிப்பைப் பாராட்டத்தான் வேண்டும். அறுத்தவர் யார், பிஸ்மி சொல்லி அறுத்தாரா என்று கேட்காமல் பை நீட்டுபவர் நம்மில் குறைவு. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணுக்கு எட்டாத எழுத்துகளில் ஜெலட்டின் ஒளிந்திருக்கிறதா என்று தேடும் தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இவர்களே துணிக்கடைக்குள் நுழைந்தால் லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நம்புவதில் குற்றமில்லை. ஒரு முஸ்லிம் பிறர் சொல்லை நல்லெண்ணத்தோடு ஏற்கக் கடமைப்பட்டவர். அந்த நல்லெண்ணத்தை முதலீடாக வைத்துப் பொய் விற்பவர்கள்மீதுதான் நம் வழக்கு.

கேளம்பாக்கத்துக்கும் குளிராடைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சிரிக்கக்கூடும். மார்கழியிலும் மின்விசிறி சுற்றுகிற ஊர் இது. உப்பளத்துக் காற்றில் சட்டையே பாரமாகிற ஊர். ஆனால் சிறுசேரி சிப்காட் வளாகம் வந்தபின் நம் பகுதியின் பிள்ளைகள் எங்கெங்கு போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் டொராண்டோவில், ஒருவர் ஜெர்மனியில், மேற்படிப்புக்காக இன்னொருவர் ஸ்காட்லாந்தில். புறப்படும் முன் தகப்பனார் கடன் வாங்கியேனும் ஒரு நல்ல ஜெர்கின் வாங்கித் தருகிறார். தலையை மூடும் தொப்பியின் விளிம்பில் அடர்ந்த ரோமம் வைத்த ஜெர்கின் அது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள், உச்சியில் ரோம உருண்டை வைத்த குல்லாவைக் குழந்தைக்கு வாங்கி வருகிறார்கள். மதரஸாவுக்கு வரும் சிறுமிகளின் பைகளில் பஞ்சுபோன்ற ரோம உருண்டைச் சாவிக்கொத்து தொங்குகிறது. இவை எல்லாவற்றையும் ‘செயற்கை’ என்றுதான் விற்கிறார்கள். அது உண்மைதானா?

பல நேரங்களில் உண்மையில்லை என்பதை உலகம் பலமுறை கண்டுவிட்டது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆடைக் கடைத் தொடர், விளிம்பில் நாய் ரோமம் வைத்த குளிராடைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நாய், பூனை ரோமங்களின் வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறியது. அதோடு முடிந்ததா? 2013 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் மூன்று நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது: நைமன் மார்கஸ், டாக்டர்ஜேஸ், ரிவால்வ் என்ற பெயரில் இணையக் கடை நடத்திய எமினென்ட். மூன்றும் உண்மையான விலங்கு ரோமத்தைச் ‘செயற்கை ரோமம்’ என்று விளம்பரப்படுத்தி விற்றிருந்தன. நைமன் மார்கஸ் தெருவோரக் கடையன்று. செல்வந்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கடை. அதே நிறுவனம் முயல் ரோமத்தை மிங்க் ரோமம் என்று விற்றதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. மலிவானதை விலையுயர்ந்தது என்றும், உயிருடையதை உயிரற்றது என்றும் ஒரே கடை இரண்டு வகையாகவும் பொய் சொல்லியிருக்கிறது.

பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி, விலங்குநல அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து செயற்கை ரோமம் என்று விற்கப்பட்ட பொருள்களைச் சோதித்தது. இணையத்தில் விற்ற ஒரு பெண்கள் காலணியில் ஒட்டியிருந்தது பூனையின் ரோமம் என்று தெரிந்தது. 2019 ஜனவரியில் அந்நாட்டு விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு, பூஹூ என்ற பெரிய இணைய ஆடை நிறுவனத்தின் விளம்பரம் தவறானது என்று தீர்ப்பளித்தது. செயற்கை என்று சொல்லப்பட்ட ரோம உருண்டை உண்மையான விலங்கின் ரோமமாக இருந்தது. விலங்கு ரோமத்தை விற்பதில்லை என்பது தங்கள் உறுதியான கொள்கை, சரக்கு தருபவர்களும் அதை அறிவார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. கொள்கை காகிதத்தில் இருந்தது. ரோமம் சட்டையில் இருந்தது.

இங்கே எவருக்கும் ஓர் ஐயம் எழும். பித்தளையைத் தங்கம் என்று விற்பவனைப் புரிந்துகொள்ளலாம். தங்கத்தைப் பித்தளை என்று எவனாவது விற்பானா? இதற்கான விடையில்தான் இந்த வணிகத்தின் கசப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்று விலங்கு ரோமம் தங்கமாக இல்லை. பண்ணைகளில் கம்பிக் கூண்டுகளுக்குள் பெருந்தொகையாக வளர்க்கப்படும் ராக்கூன் நாய், முயல் போன்றவற்றின் ரோமம், நேர்த்தியாகச் செய்த செயற்கை ரோமத்தைவிடச் சில நேரங்களில் மலிவாகவே கிடைத்துவிடுகிறது. ஓர் உயிருக்கு வெளிச்சமும் நடமாட்டமும் மறுத்துவிட்டால் அதன் தோலை மலிவாக்கிவிடலாம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் விலங்கு ரோமத்தை விரும்புவதில்லை என்பதும் வியாபாரிக்குத் தெரியும். அதனால் மலிவான உயிரை எடுத்து, விரும்பப்படும் பெயரை அதன்மேல் ஒட்டுகிறான்.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேட அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் முடிவைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை மதரஸாவில் சிறுவர்கள்கூட ஒப்பிப்பார்கள். அதே பூனையின் ரோமத்தை அந்தச் சிறுவனின் அக்காள் காலில் அணிந்திருக்க, அவளுக்கு அது தெரியாமலே இருக்க ஒரு லேபிள் போதும் என்றால், அந்த லேபிளை எழுதியவனை என்னவென்று அழைப்பது?

மார்க்கச் சட்டத்தின் கோணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. “தோலைப் பதப்படுத்தினால் தூய்மையாகிவிடும் என்று ஹதீஸ் இருக்கிறதே, பிறகென்ன?” என்று கடைக்காரர்கள் மட்டுமல்ல, படித்த சகோதரர்களும் கேட்கிறார்கள். ஹதீஸ் உண்மை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் தலைமுறைகளாக இருக்கும் நம் சகோதரர்கள் அனைவரும் அறிந்தது அது. ஆனால் அது தோலைப் பற்றியது. ஷாஃபிஈ மத்ஹபில், முறைப்படி அறுக்கப்படாமல் செத்த விலங்கின் முடியும் நஜீஸே. தோலைப் பதப்படுத்துவது அதன்மேல் இருக்கும் ரோமத்தைத் தூய்மையாக்காது என்பதே அம்மத்ஹபின் அறியப்பட்ட நிலைப்பாடு. நாயும் பன்றியும் இதில் தனி. அவற்றின் தோலும் பதப்படுத்தலால் தூய்மையாகாது. உண்ண ஆகுமான ஆடு, ஒட்டகம் போன்றவற்றை உயிரோடிருக்கும்போது கத்தரித்து எடுத்த கம்பளியில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை; அதை அருட்கொடையாகவே குர்ஆன் எண்ணிச் சொல்கிறது. முயல் உண்ண ஆகுமானதுதான். ஆயினும் ரோமப் பண்ணையில் அதன் உயிர் போகும் விதம் பிஸ்மி சொல்லி அறுப்பதன்று. ஆகவே அந்தக் குல்லா உருண்டையும் செத்த விலங்கின் கணக்கில்தான் சேரும். ராக்கூன் நாய் விலங்கியலின்படி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. மார்க்கச் சட்டத்தில் ‘நாய்’ என்ற சொல்லுக்குள் அது அடங்குமா என்பதை மூத்த உலமாக்கள் ஆராயட்டும். அறுக்கப்படாதது என்ற ஒன்றே இங்கு நமக்குப் போதுமானது.

ஹனஃபி மத்ஹபில் பன்றியைத் தவிர ஏனைய விலங்குகளின் முடி, செத்தபின்னும் தூய்மையானதே. ஆகவே ஹனஃபி சகோதரர் ஒருவர் அந்த ஜெர்கினோடு தொழுதால் அவர் தொழுகை பற்றிய கேள்வி வேறு. பக்கத்தில் அதே ஸஃப்பில் நிற்கும் ஷாஃபிஈ சகோதரருக்கு அது வேறு. வேட்டை விலங்குகளின் தோலை விரிப்பாகவும் ஆடையாகவும் பயன்படுத்துவதை நபியவர்கள் தடுத்த அறிவிப்பு இரு சாராருக்குமே உண்டு. இந்த வேறுபாட்டை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்த மத்ஹபின்படி நடப்பது என்பது வாங்குபவரின் உரிமை. பொருளின் பெயரை மாற்றி எழுதும் வியாபாரி அந்த உரிமையை அவருக்குத் தெரியாமலே பறித்துவிடுகிறான். தான் எதை அணிந்து அல்லாஹ்வின் முன் நிற்கிறோம் என்பதைக்கூட ஒரு முஃமின் அறிய முடியாதபடி செய்பவனுக்கு ‘வியாபாரத் தந்திரம்’ என்ற சொல்லைக் கடன் கொடுக்க நாம் தயாரில்லை.

“ஒரு விரல் அகல ரோமத்துக்கு இவ்வளவு பேச்சா?” என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் ரோமப் பொருள் லேபிள் சட்டம் 1951இல் வந்தது. அதில், ரோமத்தின் மதிப்பு குறைவாக இருந்தால் லேபிளில் குறிப்பிடத் தேவையில்லை என்ற விலக்கு இருந்தது. அந்த வரம்பு பிற்காலத்தில் 150 டாலராக இருந்தது. கழுத்துப்பட்டி, தொப்பி விளிம்பு, கைநுனி என்று சின்னச் சின்னதாக வைத்தவை எல்லாம் அந்தத் துளை வழியாகவே கடைக்குள் வந்தன. 2010இல் புதிய சட்டம் இயற்றித்தான் துளையை அடைத்தார்கள். சிறியது என்பதால் கணக்கில் வராது என்ற எண்ணத்தை நம் மார்க்கம் எப்போதோ கண்டித்துவிட்டது. குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயர் அல்முதஃப்ஃபிஃபீன். அந்தச் சொல்லின் வேர், அற்பமானது என்ற பொருளைத் தருவது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். தராசில் அவன் திருடுவது ஒரு பிடிதான்; அந்த ஒரு பிடிக்காகத்தான் ஓர் அத்தியாயமே அவன் பெயரால் கேட்டைக் கூறித் தொடங்குகிறது. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியும் அத்தகையதே. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த மறுமொழி. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கையும் அங்கேதான் பிறந்தது.

நம் நாட்டிலும் இது தொலைதூரக் கதையன்று. காஷ்மீர்ப் பஷ்மினா ஆட்டு ரோமத்தில் நெய்யப்படுவது. ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை, சீவி எடுக்கிறார்கள். ஷாதூஷ் சால்வையோ திபெத்தியப் பீடபூமியின் சிரு என்னும் மானினத்தைக் கொன்றே எடுக்கப்படும் ரோமத்தில் ஆனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்த விலங்கு இருக்கிறது. ஆனாலும் பஷ்மினா என்ற பெயருக்குள் ஷாதூஷையும் செயற்கை இழையையும் புகுத்துபவர்கள் இருந்ததால்தான், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019இல் பஷ்மினாவை அடையாளம் காணவும் லேபிள் இடவும் தனித் தரநிலையே வெளியிட நேர்ந்தது. மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியை மத்திய அரசு 2017 ஜனவரியில் தடை செய்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் ராக்கூன் நாய் அந்தப் பெயர்ப்பட்டியலில் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் நம் மதரஸாவுக்கு ஒரு ஜெர்கினோடு வந்தார். மகன் கனடாவுக்குப் படிக்கப் போகிறான். லேபிளில் ‘100% பாலியஸ்டர்’. தொப்பி விளிம்பின் ரோமத்தை விலக்கிப் பார்த்தோம். அடியில் நெய்த துணி இல்லை, மெல்லிய தோல் இருந்தது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது அவருக்குக் கிடைத்த மறுமொழி இரண்டு வரி. கம்பெனியில் வந்த லேபிளைத்தான் சொல்ல முடியும் என்பது ஒன்று. மற்றொன்று, கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய பலகையைச் சுட்டிய விரல்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

இந்த இரண்டு வரிகளுக்கும் மறுமொழி சொல்லியாக வேண்டும்.

முதல் வரி, ‘எனக்குத் தெரியாது’ என்பது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். தம் வணிகக் கூட்டாளி ஹஃப்ஸிடம் சரக்கை அனுப்பி, அதில் ஓர் ஆடையில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லிவிடு என்றார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி தெரிந்ததும் இமாமவர்கள் அந்தச் சரக்கில் கிடைத்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். மறந்தவர் கூட்டாளி, குறையுள்ள ஆடை ஒன்றே ஒன்று. ஆனாலும் ‘அவர் மறந்துவிட்டார், நான் என்ன செய்வேன்’ என்று அவர்கள் கைவிரிக்கவில்லை. கம்பெனியைக் காட்டும் இன்றைய கடைக்காரர், அந்தக் கம்பெனி கொடுத்த லாபத்தில் மட்டும் பங்கு கேட்கிறார். தாம் விற்பதைச் சோதிக்க வேண்டியவர் யார்? ஒரு மாதிரியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் விலங்கு முடியா, பிளாஸ்டிக் இழையா என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கில் சரக்கு இறக்குபவருக்கு அது ஒரு செலவே அன்று.

இரண்டாவது வரிக்கு மார்க்கமும் நாட்டுச் சட்டமும் ஒரே குரலில் மறுமொழி சொல்கின்றன. குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்று அழைக்கின்றன. பால் மிகுதி போலக் காட்டுவதற்காக மடியைக் கட்டி விற்கப்பட்ட ஆட்டைத் திருப்பிக் கொடுக்க, வாங்கியவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று நாள் அவகாசம் அளித்தார்கள். நாட்டுச் சட்டமோ இதைவிடத் தாராளமானது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் எதனால் ஆனது என்று பொய் சொல்வதையும், ரசீது தர மறுப்பதையும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. இணையக் கடைகளுக்கும் தப்பில்லை. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே அந்தப் பலகைக்குச் சுவரில் ஆணியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

வழக்கு என்றாலே நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அஞ்ச வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாம் குடியிருக்கும் இடத்திலேயே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதால், டெல்லிக் கடை இணையம் வழியாக விற்றிருந்தாலும் செங்கல்பட்டுக்கு அதை அழைக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆய்வு இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஒரே குறைக்குப் பலர் சேர்ந்தும் மனு கொடுக்கலாம். ரசீது இருக்க வேண்டும். அதுதான் நம் வீடுகளில் முதலில் தொலைகிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சில வழிகளும் இருக்கின்றன. ரோமத்தை இரு விரல்களால் விலக்கி அடியைப் பாருங்கள்: நெய்த அல்லது பின்னிய துணி தெரிந்தால் செயற்கையாக இருக்க வாய்ப்பு மிகுதி, தோல் தெரிந்தால் விலங்கு. நுனியைப் பாருங்கள்: விலங்கின் முடி, கத்தரிக்கப்படாதிருந்தால், நுனியில் கூராக மெலிந்து முடியும். இரண்டு மூன்று இழைகளைப் பிய்த்து, ஆடையிலிருந்து தள்ளி வைத்துப் பெரியவர்கள் மட்டும் எரித்துப் பார்க்கலாம். முடி கருகும் வாடை வந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் அது உயிரின் ரோமம். பிளாஸ்டிக் உருகும் வாடையோடு கெட்டியான சிறு உருண்டையானால் செயற்கை. நீதிமன்றத்துக்கு இது சான்றாகாது. கடையில் கேள்வி கேட்க இது போதும்.

இனி, நம் வணிகர்களிடம் ஒரு வார்த்தை. ஆடைக் கடை நடத்தும் முஸ்லிம்கள் நம் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் குறைவில்லை. கல்லாவுக்கு மேல் ‘பிஸ்மில்லாஹ்’ எழுதியிருக்கும் கடையில் பொய் லேபிள் தொங்கினால், அதன் கேடு மற்றக் கடையைவிடக் கூடுதல். நம் பெயரை நம்பித்தான் தாய்மார்கள் அங்கே வருகிறார்கள். லூதியானாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ குளிராடைச் சரக்கு எடுக்கும்போது, ‘விலங்கு ரோமம் இல்லை’ என்று கொள்முதல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் மொத்த வியாபாரி உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே கொள்ளுங்கள். விலங்கு ரோமம்தான் என்றால் எந்த விலங்கு என்று அட்டையில் எழுதுங்கள். எழுதினால் விற்காது என்கிறீர்களா? விற்கக் கூடாத விலைக்கு இத்தனை நாள் விற்றுவந்தீர்கள் என்று அதற்குப் பொருள்.

பிள்ளைகள் பெரும்பாலும் ஆகஸ்டில் விமானம் ஏறுகிறார்கள். ஜெர்கின் ஜூலையில் வாங்கப்படுகிறது. அதற்கு முன் வரும் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு நம் பகுதி ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ரோமத்தை விலக்கி அடியைப் பார்ப்பது எப்படி என்று காட்ட ஒரு ஜெர்கினை நாமே கொண்டுவருகிறோம்.